குறியெண் வரிசை அகரவரிசை அன்று

கைபேசிச் செயலிகளின் நீண்ட பட்டியல்களில் இடையிடையே ஒற்றை எழுத்துத் தலைப்புகள் தோன்றும். தொடர்புப் பட்டியலிலும், மாணவர் வருகைப் பதிவிலும், மருந்துக் கடையின் சரக்குப் பட்டியலிலும், ஊர்ப்பெயரைத் தெரிவு செய்யும் படிவத்திலும் அவற்றைக் காணலாம். அவை வடிவமைப்பாளரின் சிறுவேலை என்று கணினியியல் துறைகள் ஒதுக்குகின்றன. பொறியாளரின் வேலை என்று மொழித்துறைகள் விலகிக்கொள்கின்றன. இரு தரப்பும் கைவிட்ட இந்த இடத்தில், இந்திய மொழிகளின் அகரவரிசை நாள்தோறும் கோடிக்கணக்கான திரைகளில் பிழையாகக் காட்டப்படுகிறது. அதைப் பிழை என்று சொல்லும் தகுதி உள்ளவர்கள் வாய் திறப்பதில்லை.

ஒரு பட்டியலுக்குத் தலைப்பு இடுவது அழகுபடுத்தும் செயல் என்ற எண்ணமே முதற்கோளாறு. 'க' என்று ஒரு தலைப்பு இட்டதும் செயலி பயனருக்கு இரண்டு உறுதிகளை அளிக்கிறது. இத்தலைப்பின் கீழ் இருப்பவை அனைத்தும் ககரத்துக்கு உரியவை என்பது முதலாவது. ககரத்துக்கு உரியது எதுவும் வேறிடத்தில் இல்லை என்பது இரண்டாவது. இரண்டாவது உறுதியே முக்கியமானது. தேடும் பெயர் அத்தலைப்பின் கீழ் இல்லையென்றால் பட்டியலிலேயே இல்லை என்று பயனர் முடிவு செய்வார். தலைப்பில்லாத பட்டியலில் வரிசை பிழைத்தால் பயனர் முழுவதையும் தேடிப் பார்ப்பார். தலைப்புள்ள பட்டியலில் பிழைத்தால் தேடாமலே திரும்பிவிடுவார். ஆகவே, தவறான தலைப்பு தலைப்பே இல்லாத நிலையைவிடக் கேடானது.

இப்பிழை எவ்வாறு உண்டாகிறது? நிரலாளர் பெயர்களைக் கணினியிடம் தந்து வரிசைப்படுத்தச் சொல்கிறார். கணினி எழுத்துகளை அறியாது. ஒவ்வொரு எழுத்துக்கும் யூனிகோடு அளித்திருக்கும் குறியெண்ணையே அறியும். வேறு கட்டளை இல்லாதபோது அவ்வெண்களை ஒப்பிட்டு வரிசை அமைக்கிறது. பின்னர் நிரலாளர் ஒவ்வொரு பெயரின் முதற்குறியை வெட்டியெடுத்துத் தலைப்பாக ஒட்டுகிறார். இரண்டே வரிகளில் வேலை முடிந்துவிடுகிறது. ஆங்கிலப் பெயர்களைக் கொண்டு சோதித்தால் குறை தெரியாது. செயலி வெளியாகிறது.

தமிழில் இதன் விளைவைப் பார்க்கலாம். அகரத்தின் குறியெண் 2949. ஆய்தத்தின் குறியெண் 2947. எனவே 'ஃபாத்திமா' என்ற பெயர் அகரத்துக்கும் முன்னால், பட்டியலின் உச்சியில், 'ஃ' என்ற தனித் தலைப்பின் கீழ் நிற்கும். தமிழ் மரபில் ஆய்தம் ஔகாரத்தை அடுத்து வருவது. சகரம் 2970, ஜகரம் 2972, ஞகரம் 2974. ஆகவே 'ஜெயந்தி' சகரத்துக்கும் ஞகரத்துக்கும் இடையில் செருகப்படுகிறாள். அகராதிகள் கிரந்த எழுத்துகளை இறுதியில் வைக்கின்றன. பெயரின் உட்பகுதியில் குழப்பம் இன்னும் மிகுதி. நகரம் 2984, னகரம் 2985. தொல்காப்பியம் எழுத்துகளை எண்ணும்போது இறுதி எழுத்தாக நிறுத்தும் னகரம், இங்கே நகரத்தின் வாலைப் பிடித்துக்கொண்டு பகரத்துக்கு முன்னால் வந்துவிடுகிறது. அதனால் 'மயில்வாகனன்', 'மருதன்', 'மலர்விழி' ஆகியோருக்குப் பின்னால் வரவேண்டிய 'மனோகரன்' அவர்கள் எல்லோரையும் முந்திக்கொள்கிறான். ழகரம் 2996, வகரம் 2997 என்பதால் 'அழகன்' வந்த பிறகே 'அவ்வை' வருகிறாள். புள்ளியின் குறியெண் உயிர்க்குறிகளுக்குப் பிந்தியது என்பதால் 'அகிலா'வுக்குப் பின்னரே 'அக்கம்மா'வுக்கு இடம் கிடைக்கிறது. அகராதியைப் புரட்டிப் பழகிய எவருக்கும் இவ்வரிசை தலைகீழானது.

இந்தக் குறியெண்களுக்கு ஒரு வரலாறு உண்டு. இந்திய எழுத்துமுறைகளுக்காக உருவான இஸ்கி தரத்தின் 1988ஆம் ஆண்டு வடிவத்தைப் பின்பற்றியே யூனிகோடு தன் இந்தியக் கட்டங்களை அமைத்தது. எல்லா எழுத்துமுறைகளும் தேவநாகரியின் அச்சில் இணையாக வார்க்கப்பட்டன. ஓர் எழுத்துமுறையிலிருந்து மற்றொன்றுக்கு எழுத்துப்பெயர்ப்பு எளிதாகும் என்பது அதன் பயன். தமிழின் றகரமும் ழகரமும் னகரமும் அந்த அச்சில் தம் இன ஒலிகளுக்கு அருகே செருகப்பட்டன. அது சேமிப்புக்கும் பரிமாற்றத்துக்குமான ஏற்பாடு. குறியெண் வரிசையே அகரவரிசை என்று யூனிகோடு ஒருபோதும் சொன்னதில்லை. அதற்கு மாறாக, வரிசைப்படுத்தலுக்கென்றே தனி நெறிமுறை ஒன்றை வெளியிட்டிருக்கிறது. ஒவ்வொரு மொழிக்கும் உரிய மாற்றங்களைத் தொகுக்கும் பொதுத் தரவுக் களஞ்சியத்தையும் பேணிவருகிறது. கிடங்கின் அடுக்குமுறையை நூலின் பொருளடக்கமாக அச்சிட்டவர் நிரலாளரே.

இது தமிழின் தனிக்குறை என்று நினைப்போர் இந்தியாவின் பிற மொழிகளை நோக்கவேண்டும். அசாமிய மொழி வங்காள மொழியுடன் ஒரே குறியெண் கட்டத்தைப் பகிர்ந்துகொள்கிறது. ஆனால் அசாமிய ரகரத்தின் வடிவம் வேறு. வங்காள ரகரம் 2480இல் அமர, அசாமிய ரகரம் கட்டத்தின் கடைக்கோடியில் 2544இல் வைக்கப்பட்டது. ஹகரம் 2489. ஆகவே குறியெண்ணை நம்பும் செயலியில் ரகரத்தில் தொடங்கும் ஒவ்வோர் அசாமியப் பெயரும் ஹகரத்துக்கும் அப்பால், பட்டியலின் அடியில் கிடக்கும். அதே பெயர் வங்காளப் பட்டியலில் யகரத்தை அடுத்துச் சரியாக இருக்கும். கட்டத்தைப் பகிர்ந்த இரு மொழிகளுள் ஒன்றின் வரிசை மற்றொன்றுக்குப் பலியாகிறது.

பஞ்சாபியின் நிலை இதனினும் விந்தையானது. குருமுகி நெடுங்கணக்கில் உயிர்தாங்கிகளான முதல் மூன்று எழுத்துகளை அடுத்து ஸகரமும் ஹகரமும் வரும். அதன் பிறகே ககரம். பாயி கான் சிங் நாபாவின் 'மஹான் கோஷ்' முதலிய அகராதிகள் இவ்வரிசையையே பின்பற்றுகின்றன. குறியெண் கட்டமோ தேவநாகரியைப் பின்பற்றி ஸகரத்தையும் ஹகரத்தையும் இறுதியில் நிறுத்துகிறது. சுர்ஜீத், சுக்தேவ், ஹர்பிரீத், ஹர்பஜன் என இவ்விரண்டு எழுத்துகளில் தொடங்கும் பெயர்கள் பஞ்சாபில் மிகுதி. பள்ளியில் முன்வரிசையில் கற்ற எழுத்துகளைச் செயலியின் அடிவாரத்தில் போய்த் தேடும் நிலை அங்கே.

உருது பேசுவோரின் நெடுங்கணக்கில் 'பே' மூன்றாம் எழுத்து. அரபுக்கு வேண்டிய எழுத்துகள் முதலில் குறியெண் பெற்றன. பாரசீகத்துக்கும் உருதுவுக்கும் வேண்டியவை பின்னால் சேர்க்கப்பட்டன. அதனால் 'பர்வீன்' என்ற பெயர் 'வஹீதா'வுக்கும் பின்னால் தள்ளப்படுகிறது. நாட்டின் எட்டாம் அட்டவணையில் 22 மொழிகள் உள்ளன. இவற்றுள் சந்தாலி 2003ஆம் ஆண்டின் திருத்தத்தால் சேர்ந்தது. அதன் ஓல் சிக்கி எழுத்துமுறை 2008இல் யூனிகோட்டில் இடம்பெற்றது. அதன் குறியெண் வரிசை ரகுநாத் முர்மு வகுத்த வரிசையை ஒட்டியே அமைந்தது. இருந்தும் பயன் குறைவு. தலைப்பிடும் நிரல் அந்த எழுத்துகளை எழுத்துகளாகவே அறியாதபோது, சந்தாலிப் பெயர்கள் எல்லாம் ஒரே '#' குறியின் கீழ் குவிக்கப்படுகின்றன.

அந்த '#' குறியைச் சற்று நின்று நோக்குவது தகும். ஆங்கிலத்தை அடிப்படையாகக் கொண்ட பல செயலிகளில் 26 எழுத்துகளுக்கு 26 தலைப்புகள். எஞ்சியவற்றுக்கெல்லாம் ஒரு '#'. எண்ணில் தொடங்கும் வணிக எண்களும், குப்பைக் குறியீடுகளும், தாய்மொழியில் எழுதப்பட்ட மனிதப் பெயர்களும் அங்கே ஒன்றாகக் கிடக்கும். தம் தாயின் பெயரைத் தம் எழுத்தில் சேமித்தவர், வகைப்படுத்த இயலாதவற்றின் குவியலில் அதைத் தேடுகிறார். இதனால் பலர் பெயர்களை ரோமன் எழுத்தில் சேமிக்கப் பழகிக்கொண்டார்கள். பின்னர் அந்தப் பழக்கத்தையே சான்றாகக் காட்டி, இந்திய மொழிகளில் பெயரிடுவோர் குறைவு, ஆகவே ஆதரவு தேவையில்லை என்று வாதிடுவோரும் உண்டு. கதவைச் சாத்திவிட்டு, உள்ளே வருவோர் இல்லை என்று கணக்கெழுதும் நேர்மை இது.

மொழிபெயர்க்கப்பட்ட செயலிகளில் மற்றொரு வகைப் பிழை உண்டு. சொற்கள் மொழிபெயர்க்கப்படும், வரிசை ஆங்கிலத்திலேயே தங்கிவிடும். மாநிலங்களைத் தெரிவு செய்யும் பட்டியலில் 'ஆந்திரப் பிரதேசம், அருணாசலப் பிரதேசம், அசாம்' என்ற தொடக்கத்தைக் காணாதவர் குறைவு. ஆங்கில எழுத்துக்கூட்டலில் அது முறையான வரிசை. தமிழில் அசாம், அருணாசலப் பிரதேசம், ஆந்திரப் பிரதேசம் என்பதே வரிசை. அதாவது திரையில் காண்பது துல்லியமான தலைகீழ். தமிழ்நாட்டு மாவட்டங்களின் பட்டியலிலும் இதே கதை: அரியலூரை அடுத்துச் செங்கல்பட்டு, சென்னை, கோயம்புத்தூர், கடலூர். செகரத்துக்கும் கோகரத்துக்கும் பொதுவானது ஆங்கிலத்தின் ஒரே முதலெழுத்து மட்டுமே. ஆங்கிலம் அறியாத ஒருவருக்கு இப்பட்டியல் வரிசையே இல்லாதது. யாருக்காக மொழிபெயர்ப்பு செய்யப்பட்டதோ, அவருக்கே அது பயன்படவில்லை.

தலைப்பின் பிழை எழுத்தோடு நிற்பதில்லை, நாளையும் தொடுகிறது. பணப் பரிமாற்றங்களை நாள்வாரியாகப் பிரித்து 'இன்று', 'நேற்று' என்று தலைப்பிடும் செயலிகள் பல. சேமிப்பில் உள்ள உலகப் பொதுநேரத்தை இந்திய நேரமாக மாற்றாமல் தலைப்பிட்டால், நள்ளிரவு முதல் காலை 5.30 வரை நடந்தவை அனைத்தும் முந்தைய நாளின் தலைப்பில் விழும். விடியற்காலையில் மீன் ஏலத்திலும் காய்கறி மண்டியிலும் பணம் கைமாறுகிறது. அந்த வணிகரின் நாட்கணக்கு ஒவ்வொரு நாளும் பிழைக்கும். மதியத்தில் சோதித்துப் பார்க்கும் அலுவலகத்துக்கு அது கண்ணில் படாது.

பெயரின் எந்த உறுப்பை முதலாகக் கொள்வது என்பது இன்னொரு வினா. பஞ்சாபியரைக் கடைசிப் பெயரால் வரிசைப்படுத்தினால் 'சிங்', 'கௌர்' என்ற இரு தலைப்புகளில் ஊரே அடங்கிவிடும். தமிழரை முதற்குறியால் வரிசைப்படுத்தினால் தந்தையின் முன்னெழுத்தே மகளின் தலைப்பாகும். இந்த வினாவை நூலகவியல் எப்போதோ எதிர்கொண்டது. சென்னைப் பல்கலைக்கழக நூலகராக இருந்த சீ. இரா. அரங்கநாதன் 1934இல் வெளியிட்ட பட்டியலாக்க விதிகளில், பெயரின் எப்பகுதி முதலில் நிற்கவேண்டும் என்பதை முறையாக ஆராய்ந்தார். 1931இல் அவர் வகுத்த ஐந்து விதிகளுள் நான்காவது, வாசகரின் நேரத்தைச் சேமிக்கவேண்டும் என்பது. பட்டியலின் தலைப்பு நிற்பதும் அந்த ஒரு நோக்கத்துக்காகவே. நூலகவியல் துறைகள் அவர் படத்துக்கு ஆண்டுதோறும் மாலையிடுகின்றன. அவ்விதியைத் திரைகளின் பட்டியலுக்குப் பொருத்திப் பார்க்க முனைவோர் அரியர்.

இவற்றுக்கெல்லாம் தரப்படும் மறுமொழிகள் மூன்று.

முதலாவது: தேடல் பெட்டி இருக்கிறது, பட்டியலை யார் உருட்டிப் பார்க்கிறார்கள்? தேடுவதற்குப் பெயரின் எழுத்துக்கூட்டல் நினைவில் இருக்கவேண்டும். அதைத் தட்டெழுதவும் தெரியவேண்டும். 'இராமன்' என்று சேமித்ததை 'ராமன்' என்று தேடினால் கிடைக்குமா என்பது செயலியைப் பொறுத்தது. பார்த்தால் அடையாளம் காணமுடியும், ஆனால் நினைவிலிருந்து எழுதமுடியாது என்ற நிலையில் உள்ளோர் இந்நாட்டில் ஏராளம். வரிசையான பட்டியலும் தலைப்பும் அவர்களுக்கே முதலில் வேண்டும். பார்வையற்றோருக்கும் அவை இன்றியமையாதவை. திரைவாசிப்பு மென்பொருள்கள் ஒரு தலைப்பிலிருந்து அடுத்த தலைப்புக்குத் தாவும் வசதியைத் தருகின்றன. செயலி அதைத் தலைப்பு என்று முறையாக அறிவித்திருந்தால் மட்டுமே அது இயலும். தடித்த எழுத்தில் வரைந்துவிட்டுத் தலைப்பு என்று பெயரிட்டால், பார்வையுள்ளோருக்கு மட்டுமே அது தலைப்பு. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் தகவல் தொழில்நுட்ப அணுகலை உரிமையாகப் பேசுகிறது. பட்டியலின் தலைப்பும் அந்த உரிமைக்குள் அடங்கியதே.

இரண்டாவது: இதைச் சரிசெய்வது கடினம். இக்கூற்று உண்மைக்கு மாறானது. மொழிவாரி வரிசையையும் தலைப்பெழுத்துகளையும் தரும் ஐசியூ நூலகம் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஆண்ட்ராய்டு 2016இல் வெளியிட்ட ஏழாம் பதிப்பிலிருந்து அதன் தலைப்பிடும் கருவியை நிரலாளர் நேரடியாகப் பயன்படுத்தலாம். ஆப்பிளின் இயங்குதளத்திலும் இணைய உலாவிகளிலும் மொழியறிந்து ஒப்பிடும் வசதிகள் உள்ளன. இரண்டு வரிகளில் செய்த பிழையைத் திருத்தப் பத்து வரிகள் போதும். ஆங்கிலத்திலும் ஒரு காலத்தில் இதே சிக்கல் இருந்தது. பெரிய எழுத்துகளின் குறியெண்கள் சிறிய எழுத்துகளுக்கு முந்தியவை. ஆகவே கண்மூடித்தனமான வரிசையில் இறுதி எழுத்தில் தொடங்கும் பெயர், சிறிய எழுத்தில் எழுதிய முதலெழுத்துப் பெயரை முந்திவிடும். அதை எந்த நிறுவனமும் இயல்பு என்று விட்டுவைக்கவில்லை. முதற்பாடத்திலேயே திருத்தம் கற்பிக்கப்படுகிறது. ஆங்கிலத்தின் பிழை பிழையாகத் தெரிந்தது. பிற மொழிகளின் பிழை 'வரம்பு' என்று பெயர்பெற்றது. இரண்டுக்கும் இடையிலுள்ள வேறுபாடு தொழில்நுட்பத்தைச் சேர்ந்ததாகத் தெரியவில்லை.

மூன்றாவது மறுமொழி வலுவானது: இந்திய மொழிகளின் வரிசையில் அறிஞர்களிடமே உடன்பாடில்லை. இதில் உண்மை உண்டு. இந்திப் பள்ளிப் புத்தகம் க்ஷ, த்ர, ஜ்ஞ ஆகியவற்றை நெடுங்கணக்கின் இறுதியில் காட்டும்; இந்தி அகராதி அவற்றை ககர, தகர, ஜகரங்களுக்குள் வைக்கும். அசாமியமோ க்ஷவைத் தனி எழுத்தாகவே கொள்ளும். தமிழில் 'ஃபாத்திமா' ஆய்தத்தில் நிற்பதா, பகரத்தில் நிற்பதா? 'கோபால்' ககரத் தலைப்பில் அடங்குவதா, அகராதியில் உள்ளதுபோல் 'கோ' என்ற தனித் தலைப்பு பெறுவதா? ஓரத்தில் விரலால் தொட்டுத் தாவும் எழுத்துப் பட்டையில் உயிர்மெய் அனைத்துக்கும் இடமில்லை. ககரத்தில் அடக்குவதே நடைமுறைக்கு ஏற்றது என்பது ஒரு விடை. நூற்றுக்கணக்கான பெயர்கள் ககரத்தில் குவியும்போது உள்தலைப்புகள் வேண்டும் என்பது மற்றொரு விடை. ரோமன் எழுத்துப் பெயர்களும் தமிழ் எழுத்துப் பெயர்களும் கலந்த பட்டியலில் எது முந்துவது என்பதும் தீராத வினாவே.

ஆனால் இவ்வினாக்கள் யாருடைய வேலை? உடன்பாடின்மை ஒரு துறைக்கு ஆய்வுப்பொருள்; செயலின்மைக்கு அது சாக்கு ஆகாது. 1594இல் சிதம்பர ரேவண சித்தர் 'அகராதி நிகண்டு' இயற்றியபோது சொற்களை முதலெழுத்தின் வரிசையில் அடுக்கினார். பொருள்வாரி நிகண்டுகளே ஆண்ட காலம் அது. 1732இல் வீரமாமுனிவர் சதுரகராதியில் அம்முறையை விரித்துச் செம்மைப்படுத்தினார். அவர்கள் எல்லோருடைய உடன்பாட்டுக்கும் காத்திருக்கவில்லை. ஒரு முறையைத் தேர்ந்து, அதை வெளிப்படையாக அறிவித்து, முழு நூலிலும் பின்பற்றினார்கள். இன்றைய தமிழ் வாசகர் அகராதியைத் தயக்கமின்றிப் புரட்டுவது அத்தகைய துணிவுகளின் பயன். யூனிகோட்டின் மொழித்தரவுக் களஞ்சியம் எவரும் முன்மொழிவு அனுப்பக்கூடிய திறந்த அமைப்பு. அட்டவணை மொழிகள் அனைத்துக்கும் அங்கே ஒரே ஆழத்தில் தரவு இல்லை. அதை நிறைவு செய்யும் அறிவு நிறுவனங்களுக்கு வெளியே எங்கும் இல்லை. பல்கலைக்கழகங்களின் மொழித்துறைகளில்தான் இருக்கிறது.

கணினியியல் துறைகளின் பொறுப்பும் இதற்குக் குறைந்ததன்று. வரிசைப்படுத்தும் நெறிமுறைகளை அவை பல வாரங்கள் கற்பிக்கின்றன. எத்தனை ஒப்பீடுகள் தேவை என்று மாணவர் தேர்வில் நிறுவிக் காட்டுகிறார். ஆனால் எதை எதனோடு, எந்த விதியால் ஒப்பிடுவது என்ற வினா வகுப்பறைக்குள் நுழைவதில்லை. எடுத்துக்காட்டுகள் யாவும் எண்கள். எண்களுக்கு அவ்வினா எழாது. ஐந்து இந்திய மொழிகளின் பெயர்களைக் கொண்ட ஒரு பயிற்சித்தாள் போதும், அவ்வினா எழுந்துவிடும். பாடத்திட்டக் குழு கூடவேண்டியதில்லை. அடுத்த பருவத்தில் ஓர் ஆசிரியர் முடிவு செய்தால் நடக்கும்.

மொழித்துறைகள் செய்யக்கூடியதும் அதுபோல் எளியது. தம் மொழியின் அகரவரிசையை ஐயங்களுடனும் மாற்றுக் கருத்துகளுடனும் விதிகளாக எழுதி வெளியிடலாம். ஆய்த முதற்பெயர், கிரந்த முதற்பெயர், முன்னெழுத்து, கூட்டெழுத்து ஆகிய ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிவும் அதற்கான காரணமும் தரலாம். முதுகலை மாணவரின் ஓர் ஆய்வேடு தாங்கக்கூடிய பணி இது. பயனோ எந்த ஆய்வேட்டையும் விடப் பெரிது. அரசு மொழிபெயர்ப்புப் பணிகளுக்கு வல்லுநராகச் செல்லும் பேராசிரியர்கள், சொற்களைத் திருத்துவதோடு நில்லாமல் பட்டியலின் வரிசையையும் கேட்டுப் பார்க்கலாம். கேட்காதவரை யாரும் அதைத் தாமாகத் தரப்போவதில்லை.

ஒலி பிறக்கும் இடத்தைக் கொண்டு எழுத்துகளை வகுத்த நெடுங்கணக்கு இந்திய மொழியியலின் பெருமை என்று கருத்தரங்குகளில் ஓயாது சொல்லப்படுகிறது. ரோமன் எழுத்துவரிசைக்கு அத்தகைய அடிப்படை இல்லை என்பதும் கூடவே சொல்லப்படுகிறது. அந்தப் பெருமையை மேடையில் பேசி, மேடையைவிட்டு இறங்கியதும் தம் கைபேசியில் '#' குறியின் கீழ் உறவினர் பெயரைத் தேடும் முரணை ஆய்வுலகம் இனியும் பொறுத்துக்கொள்ளக் காரணமில்லை. நெடுங்கணக்கு அருங்காட்சியகப் பொருளாக இருந்தால் அதைப் புகழ்ந்தால் போதும். மக்கள் நாள்தோறும் கையாளும் கருவியாக இருக்கவேண்டுமானால், அவர்கள் நாள்தோறும் தொடும் பட்டியலில் அது சரியாக நிற்கவேண்டும்.